அத்தானிடம் இருந்த சாவி

அக்காவின் முதுகெலும்புக்குப் புற்றுநோய் பரவிவிட்டது என்று அத்தான் போனில் சொன்னபோது நான் ஆபீஸில், வலி மருந்து கிடைக்காத நாடுகளைப் பற்றி ஒரு அறிக்கை எழுதிக்கொண்டிருந்தேன். "பரவிருச்சும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு, சாயங்காலம் வர முடியுமா என்று கேட்டார். வருகிறேன் என்றேன். போனை வைத்த பிறகு, பாதியில் நின்ற வாக்கியத்தை எழுதி முடித்தேன். அதை எப்படி முடித்தேன் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. கைப்பழக்கம்தான் எழுதியிருக்க வேண்டும்.

எங்கள் ஆபீஸ் தெற்கு டெல்லியில் ஒரு வீட்டின் பேஸ்மென்டில் இருக்கிறது. பகலிலும் டியூப்லைட் எரியும். மழை பெய்தால் படிக்கட்டு வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கும், கம்ப்யூட்டர் வயர்களைத் தூக்கி மேசைமேல் போட்டுக்கொள்வோம். மொத்தமே ஒரு கை விரல்களுக்குள் அடங்கும் ஆட்கள். நாங்கள் செய்வது ஒரே வேலை. மார்ஃபின் போன்ற மருந்துகள் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வருகின்றன. திருட்டுத்தனமாக விற்றுவிடுவார்கள் என்ற பயத்தில் அவற்றைச் சுற்றி இத்தனை வேலி போட்டிருக்கிறார்கள். அந்த வேலிக்கு வெளியே, புற்றுநோய் முற்றிய மனிதர்கள் ஒரு மாத்திரை இல்லாமல் வலியில் கிடந்து சாகிறார்கள். வேலியில் ஒரு வாசலாவது வையுங்கள் என்று அரசாங்கங்களையும் சர்வதேச சபைகளையும் கேட்டுக்கொண்டே இருப்பதுதான் எங்கள் வேலை. ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் எங்களைப் போலவே சின்னச் சின்ன அமைப்புகள் உண்டு. கம்ப்யூட்டர் திரையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசிக்கொள்வோம். எல்லாருடைய அறைகளும் எங்கள் பேஸ்மென்டைப் போலத்தான் இருக்கும்.

பத்து வருஷத்துக்கு மேல் இந்த வேலையில் இருக்கிறேன். சட்டத்தின் பிரிவுகள் எனக்கு மனப்பாடம். எந்த அதிகாரி எந்த வார்த்தைக்கு முகம் சுளிப்பார் என்றும் தெரியும். நான் அக்காவின் வீட்டுக்கு வெறுங்கையோடு போகவில்லை என்று அன்று நினைத்தேன்.

அக்காவும் அத்தானும் கிட்வாய் நகரில் புதிதாகக் கட்டிய உயரமான அரசுக் குடியிருப்பில் இருந்தார்கள். அத்தான் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் அதிகாரி, ஓய்வுபெற ஒரு வருஷம்தான் பாக்கி. அக்கா லோதி ரோடு பக்கத்தில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தவள். சிகிச்சை தொடங்கியதும் வேலையை விட்டுவிட்டாள். பிள்ளை ஒருத்தி, வெளிநாட்டில் வேலை. துவாரகாவிலிருந்து நான் மெட்ரோ ஏறி, ராஜீவ் சௌக்கில் மாறி, ஐ.என்.ஏ.யில் இறங்கி நடப்பேன். என் கணவருக்கு விமான நிலையத்தில் ஷிப்ட் வேலை. அவருடைய ஷிப்டைப் பார்த்துத்தான் நான் அங்கே தங்குவதும் திரும்புவதும்.

முதல் சில வாரங்கள் சாதாரண வலி மாத்திரைகளில் ஓடின. பிறகு அவை போதவில்லை. புரண்டு படுக்கும்போதுதான் அக்காவுக்கு வலி உயிரைப் பிடுங்கும். அதனால் அவள் புரளாமல் இருக்கக் கற்றுக்கொண்டாள். கூரையைப் பார்த்தபடி, இரண்டு கைகளையும் வயிற்றின் மேல் வைத்து, நாள் முழுக்க அப்படியே கிடப்பாள். இருமல் வருமோ என்று பயந்து தண்ணீரைக்கூடச் சொட்டுச் சொட்டாகக் குடிப்பாள். பன்னிரண்டாம் மாடி ஜன்னலில் வானம் மட்டும்தான் தெரியும். படுத்திருப்பவளுக்கு வேறு எதுவும் தெரியாது.

நான் டாக்டரிடம் பேசினேன். அக்கா சிகிச்சை பெற்ற ஆஸ்பத்திரியில் மார்ஃபின் கொடுக்க அனுமதி இருந்தது, அதற்கென்று பயிற்சி பெற்ற டாக்டர் அம்மாவும் இருந்தார். டெல்லியில் இது எல்லா இடத்திலும் கிடைக்காத அதிர்ஷ்டம் என்று எனக்குத் தெரியும். அந்த அம்மா சீட்டு எழுதிக் கொடுத்தார். நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை, வலி வருவதற்கு முன்பே, கடிகாரத்தைப் பார்த்துக் கொடுக்க வேண்டும் என்று சொன்னார். மலச்சிக்கல் வரும், அதற்கும் மருந்து உண்டு. முதலில் கொஞ்சம் மயக்கமும் வாந்தியும் இருக்கும், போய்விடும். நான் மாத்திரையை வாங்கிக்கொண்டு வந்தேன்.

அத்தான் மாத்திரை அட்டையைக் கையில் வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, பெயரைப் படித்தார். பிறகு இரும்பு அலமாரியைத் திறந்து, உள்ளறையில் வைத்துப் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். ரொம்ப முடியாமல் போகும்போது பார்ப்போம், இப்போதே ஆரம்பிக்க வேண்டாம் என்றார். இது கடைசிக்கு என்று வைத்திருக்கிற மருந்து இல்லை என்று நான் சொல்ல ஆரம்பித்தேன். அவர் கையை உயர்த்தி என்னை நிறுத்தினார்.

"ஒனக்கு இது வேல. அச்சா. ஆனா நான் இத வீட்டுல பாத்தவன்."

அவர் எதைச் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். அவருடைய தம்பி, திருநெல்வேலியிலிருந்து வேலை தேடி டெல்லிக்கு வந்து இவர்களோடு தங்கியிருந்தவர். அப்போது அவர்கள் வேறொரு பழைய குவார்ட்டர்ஸில் இருந்தார்கள். எந்த நண்பன் பழக்கினான் என்று கடைசிவரை தெரியவில்லை, தம்பி ஸ்மாக் என்கிற ஹெராயின் தூளுக்கு அடிமையாகிவிட்டார். அத்தான் ஆபீஸ் முடிந்து, டையைக்கூடக் கழற்றாமல், மேம்பாலங்களுக்கு அடியில் தம்பியைத் தேடி அலைந்த காலம் ஒன்று உண்டு. கூட்டிக்கொண்டு வருவார், குளிக்க வைப்பார், சாப்பிட வைப்பார். தம்பி மறுபடி ஓடிவிடுவார். சோறு போட்டது அக்காதான். எந்த நேரத்தில் வந்தாலும் கேள்வி கேட்காமல் தட்டை வைத்தவள் அவள். ஒரு குளிர்காலத்தில் ரயில் நிலையத்தின் பக்கத்தில் தம்பியின் உடலை அத்தான் அடையாளம் காட்டினார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவருடைய போட்டோ கூடக் கிடையாது.

அத்தானைக் கெட்டவர் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. அக்காவுக்குப் படுக்கையில் வைத்துத் தலை பின்னி விட்டவர் அவர். அவளுடைய மலத்தையும் முகம் சுளிக்காமல் எடுத்தார். சாவியை மட்டும்தான் அவரால் விட முடியவில்லை.

அடுத்து வந்த நாட்களில் நடந்தது இதுதான். அக்காவுக்கு வலி ஏறும். அவள் சத்தம் போடமாட்டாள், மூச்சு மட்டும் மாறும். அத்தான் கட்டிலுக்கு அருகில் வந்து குனிந்து, "தாங்க முடியலையா?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்ல முடியும்? முடியவில்லை என்றால் அவர் முகம் சுருங்கிப்போகும், அலமாரியைத் திறந்து பாதி மாத்திரை எடுத்துத் தருவார். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு அக்கா பெரும்பாலும், "இருக்கட்டும், கொஞ்சம் பாப்போம்" என்று சொல்லிவிடுவாள். தன் வலி போதுமான அளவு பெரியது என்று நாளெல்லாம் நிரூபித்துக்கொண்டே இருக்க வேண்டிய நிலைமை. அவளுக்கு அதில் விருப்பமில்லை. கெஞ்சிப் பழக்கமில்லாதவள்.

நான் வாதாடினேன். கேட்க விரும்பாதவர்களிடம் எப்படிப் பேசுவது என்று மற்றவர்களுக்குப் பயிற்சி வகுப்பு எடுத்தவள் நான். பல நாட்டு அதிகாரிகளுக்கு முன்னால் பேசியிருக்கிறேன். வலிக்காகச் சாப்பிடுகிறவர்கள் போதைக்கு அடிமையாவதில்லை என்று அத்தானிடம் மெதுவாகச் சொன்னேன், கோபமாகச் சொன்னேன், டாக்டரைப் போனில் பேச வைத்தேன். டாக்டரிடம் அவர் "ஜி, ஜி" என்று மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். போனை வைத்ததும், "அவங்க நல்லாத்தான் சொல்லுதாங்க" என்றார். சாவி பையிலேயே இருந்தது.

சாவியைப் பிடுங்கிவிடலாம் என்றுகூட நினைத்தேன். ஆனால் அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"ஏட்டி, அவர்ட்ட சண்ட போடாத. நீ சாயங்காலம் துவாரகாவுக்குப் போயிருவ. நாந்தான் இவரு மொகத்தப் பாத்துக்கிட்டு இங்கன கெடக்கணும்."

அந்த ஃப்ளாட்டுக்குள் மூன்று பேரும் ஆளுக்கொரு மூலையில் மாட்டிக்கொண்டிருந்தோம். அவள் கட்டிலில், அவர் தம்பியின் நினைவில், நான் எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் சுமந்துகொண்டு சமையலறை வாசலில்.

இந்த நேரத்தில்தான் போதைப்பொருள் கட்டுப்பாடு பற்றிய சர்வதேசக் கூட்டம் வந்தது. வருஷாவருஷம் நடக்கும். அரசாங்கங்களின் பிரதிநிதிகள் பேசி முடித்த பிறகு, எங்களைப் போன்ற அமைப்புகளுக்கும் மூன்று நிமிடம் தருவார்கள். அந்த மூன்று நிமிடத்துக்காக மாதக்கணக்கில் கடிதம் எழுதி, பெயர் கொடுத்துக் காத்திருப்போம். அந்த முறை எங்கள் பல நாட்டு நண்பர்கள் எல்லாருக்கும் சேர்த்து நான்தான் பேச வேண்டும் என்று முடிவாகியிருந்தது. போய்வரும் நிலைமையில் நான் இல்லை. வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வழியாகப் பேசலாம் என்று அனுமதி வாங்கியிருந்தேன்.

அன்று அத்தானுக்கு ஆபீஸில் தவிர்க்க முடியாத வேலை. நான் அக்காவோடு இருந்தேன். கிளம்பும் அவசரத்தில் சாவியை அவர் வைத்துவிட்டுப் போகவில்லை. நானும் கேட்க மறந்தேன். மதியத்துக்கு மேல் கூட்டம். பக்கத்து அறையில் கம்ப்யூட்டரைத் திறந்து, நல்ல புடவை கட்டி, காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு வரிசையில் காத்திருந்தேன். எனக்கு முன்னால் இன்னும் சிலர் பேச வேண்டியிருந்தது.

அப்போது அக்கா கூப்பிட்டாள். பெயர் சொல்லிக்கூட இல்லை, ஒரு சத்தம் மட்டும். ஓடினேன். தண்ணீர் டம்ளரை எடுக்கப்போய், தலையணையிலிருந்து சரிந்து, உடம்பு முறுகிக் கட்டிலின் ஓரத்தில் தொங்கியபடி கிடந்தாள். நான் கட்டிலில் ஏறி, பின்னாலிருந்து அவளை என் மார்போடு சேர்த்துத் தாங்கிக்கொண்டேன். நான் அசைந்தால் அவளுக்கு வலித்தது. மூச்சு விட்டாலும் வலித்தது. அவள் வாயைத் திறந்தபடி இருந்தாள், ஆனால் இப்போது சத்தமே வரவில்லை. மருந்து எங்கள் கண்ணுக்கு எதிரே, ஒரு தகரக் கதவுக்குப் பின்னால் இருந்தது. கையை நீட்டினால் அலமாரியின் கைப்பிடியைத் தொட்டுவிடலாம். ஒரு கையால் அத்தானுக்குப் போன் செய்தேன். அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி செய்தேன். மீட்டிங்கில் இருந்திருப்பார். போனைப் போட்டுவிட்டு அந்தக் கையையும் அவளுக்கு அடியில் கொடுத்துத் தாங்கினேன்.

இயர்போன் இன்னும் என் காதில்தான் இருந்தது. கம்பியில்லாதது, அதனால் அந்த அறையிலும் கேட்டது. கூட்டத்தின் தலைவர் எங்கள் அமைப்பின் பெயரைச் சொல்லி என்னைப் பேச அழைத்தார். சற்றுப் பொறுத்து மறுபடியும் அழைத்தார். குரல் கேட்கவில்லை, இணைப்பில் பிரச்சினை போலிருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். அவர் நன்றி சொல்லிவிட்டு அடுத்தவரை அழைத்தார். அடுத்த ஆள், எந்த நாட்டுக்காரர் என்று நினைவில்லை, போதைக் கடத்தலை இன்னும் கடுமையாகத் தடுக்க வேண்டும் என்று நிதானமாகப் பேச ஆரம்பித்தார். இயர்போனைக் கழற்ற எனக்கு ஒரு கை மிச்சமில்லை. முழுவதையும் கேட்டேன்.

அத்தான் திரும்பியபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. தவறிய அழைப்புகளைப் பார்த்துவிட்டு ஆட்டோவில் வந்திருக்கிறார். நான் அதே நிலையில்தான் இருந்தேன், என் கால்கள் மரத்துப்போயிருந்தன. அவர் அலமாரியைத் திறந்து மாத்திரையைக் கொண்டுவந்தார். முழு மாத்திரை. அக்காவின் உதட்டைப் பிரித்து வைத்தார். வெகுநேரம் கழித்து அவள் உடம்பு என் கைகளுக்குள் மெல்லத் தளர்ந்தது. அப்போதுதான், அவர் திரும்பவும் அலமாரியைப் பூட்டப் போனபோது, அக்கா பேசினாள்.

"பூட்டாதீங்க."

அவர் நின்றார்.

"ஒங்க தம்பி நம்மள விட்டுட்டுப் போறதுக்குச் சாப்பிட்டான். நான் ஒங்ககூட இருக்கதுக்குக் கேக்கேன். இந்த வலியில நான் எங்கயோ கெடக்கேன். நீங்க பக்கத்துல ஒக்காந்து என்ன பேசுதியன்னுகூட எனக்குக் காதுல விழல."

அத்தான் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். அழவில்லை. தம்பியின் பெயரைச் சொன்னார், எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அந்த வீட்டில் அந்தப் பெயர் கேட்டது. பிறகு சாவியைப் பையிலிருந்து எடுத்து, அக்காவின் தலைமாட்டில் மருந்துகள் இருக்கும் ஸ்டூலில் வைத்தார். அடுத்த மாத்திரை எப்போது என்று என்னிடம் கேட்டார். சொன்னேன். செல்போனில் அலாரம் வைத்துக்கொண்டார்.

முதல் இரண்டு நாள் அக்கா தூங்கித் தூங்கி விழுந்தாள், வாந்தியும் எடுத்தாள். அத்தான் என்னை ஒரு பார்வை பார்ப்பார், நான் டாக்டர் சொன்னதை ஞாபகப்படுத்துவேன். அது போய்விட்டது. அதற்குப் பிறகு வந்த நாட்களை நான் எப்படிச் சொல்வது. அக்கா புரண்டு படுத்தாள். ஒரு மனுஷி தன் கட்டிலில் இடமிருந்து வலமாகப் புரளுவதைப் பார்த்து நான் குளியலறையில் போய் நின்று அழுதேன். தலையணை சாய்த்து ஜன்னலோரம் உட்கார வைத்தோம். ரிங் ரோட்டில் வண்டிகள் போவதைப் பார்த்தாள். ரசம் சாதம் கேட்டாள், உப்பு போதவில்லை என்றாள். மகளோடு வீடியோவில் பேசி, அவள் தலைமுடியை வெட்டியதற்குத் திட்டினாள். நான் பேசாமல் விட்டுப்போன அந்த உரையை வாங்கிப் படித்தாள்.

"மூணு நிமிஷத்துல அணுகல், அணுகல்னு இவ்வளவு தடவ எழுதிருக்க. ஒரு எடத்துலகூட வலிக்குன்னு எழுதலையேட்டி" என்றாள்.

மருந்து எல்லாருக்கும் கிடைப்பதைக் குறிக்க நான் ஆங்கிலத்தில் எழுதிய 'ஆக்சஸ்' என்ற வார்த்தையைத்தான் அவள் அப்படித் தமிழில் மாற்றிச் சொன்னாள். நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். சிரித்தால் அவளுக்கு வலிக்கவில்லை என்பதை இரண்டு பேருமே கவனித்தோம்.

இது நிலைக்கும் என்று நான் நினைத்தது என் மடத்தனம். மாத்திரை முடியப்போகிறது என்று ஆஸ்பத்திரிக்குப் போனபோது மருந்தகத்தில் இல்லை என்றார்கள். அனுமதியைப் புதுப்பிக்கும் காகிதம் எங்கோ நிற்கிறது, அது வராமல் புதுச் சரக்கு வராது. எப்போது வரும் என்றால் தெரியாது. டாக்டர் அம்மா என் முகத்தைப் பார்க்க முடியாமல், தன்னுடைய மற்ற நோயாளிகளும் இப்படித்தான் இருக்கிறார்கள் என்றார். எனக்குத் தெரிந்த எல்லாரையும் போனில் அழைத்தேன். அவர்கள் எல்லாம் என்னைப் போலவே சட்டம் தெரிந்தவர்கள், வருத்தப்பட்டார்கள். மருந்துக் கடைகளில் கேட்டால், பெயரைச் சொன்னதுமே, "யே ஹம் நஹீ ரக்தே, மேடம்", நாங்கள் இதை வைப்பதில்லை, என்று அடுத்த ஆளிடம் திரும்பிவிடுவார்கள். மார்ஃபின் எடுக்கிற அபின் நம் நாட்டிலேயே அரசு உரிமத்தோடு பயிராகிறது, இங்கிருந்து வெளிநாட்டுக்கும் போகிறது. இந்த வரியை எத்தனையோ அறிக்கையில் எழுதியிருக்கிறேன். அன்று ஒரு கடையின் படியில் நின்று அதை நினைத்தபோது வாய் கசந்தது.

இருந்த மாத்திரையை நீட்டிக்க அக்கா தானாகவே நேரத்தைத் தள்ளிப்போட ஆரம்பித்தாள். வலி திரும்பியது. கூடவே வியர்வை, கொட்டாவி, மூக்கில் நீர், ஒரு நிமிஷம்கூடக் கால்கள் சும்மா இருக்கவில்லை. அத்தான் அதைப் பார்த்ததும் வெளிறிப்போனார். இதேதான் தம்பிக்கும் வந்தது என்றார். உடம்பு ஒரு மருந்துக்குப் பழகுவது வேறு, மனம் அடிமையாவது வேறு, திடீரென்று குறைத்தால் யாருக்கும் இப்படி வரும், என்று நான் சொன்னேன். அந்தப் பத்தி எனக்கு மூன்று மொழியில் மனப்பாடம். அவருக்கு முன்னால் சொன்னபோது எனக்கே அது ஏதோ சுவரில் ஒட்டிய நோட்டீஸ் மாதிரி இருந்தது. திரும்பவும் பழையபடி ஆகப்போகிறது, சாவி பைக்குள் போகப்போகிறது என்று நான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் பால்கனியில் போய் நின்றார். திரும்பி வந்து ஷூவை மாட்டிக்கொண்டார்.

"எங்க கிடைக்கும்னு சொல்லு."

யமுனைக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் எனக்கு அறிமுகமான ஒரு டாக்டர் இருந்தார். அங்கே சரக்கு இருந்தது, ஆனால் அவர்கள் அக்காவைப் புதிய நோயாளியாகப் பதிவுசெய்ய வேண்டும். அக்காவைத் தூக்கிக்கொண்டு போக முடியாத நிலைமையில், காகிதங்களோடு குடும்பத்திலிருந்து ஒருவர் நேரில் வந்தால் பார்க்கிறேன் என்றார் டாக்டர். நான் போகிறேன் என்றேன். அத்தான் விடவில்லை. கணவன்தானே போக வேண்டும் என்றார்.

அன்று முழுவதும் அவர் அங்கே இருந்தார். மருந்தகத்தில் அவரை ஒரு பக்கமாக நிற்க வைத்து, யாருக்கு, எதற்கு, இதற்கு முன் வாங்கியது என்ன ஆயிற்று, வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள், யாருக்காவது பழக்கம் உண்டா என்று கேட்டார்களாம். அரசு அடையாள அட்டையைக் காட்டினாராம். அதையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்களாம். வெயில் மங்கும்போது வீடு வந்து சேர்ந்தார். மாத்திரை கொடுத்து, அக்கா ஓரளவு அடங்கிய பிறகு, சமையலறையில் என் பக்கத்தில் நின்று டீ குடித்தபடி சொன்னார்:

"திருடன் மாதிரி பாத்தாம்மா என்னய. அவன் மேல தப்பில்ல. அவன் எடத்துல நான் இருந்தா நானும் அப்படித்தான் பாப்பேன்."

டீயை முடிக்காமல் வைத்துவிட்டு அக்காவிடம் போனார். அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, நான் இத்தனை வருஷம் வாதாடிக்கொண்டிருக்கிற அதிகாரிகள் எந்த மாதிரி ஆட்கள் என்று கொஞ்சம் புரிந்தது. அவர்கள் வீட்டிலும் யாராவது ஒரு தம்பி இருந்திருக்கலாம்.

அதற்குப் பிறகு மருந்துக்குத் தட்டுப்பாடு வரவில்லை. ஒவ்வொரு முறையும் அத்தான்தான் போய்வந்தார், ஒவ்வொரு முறையும் அதே கேள்விகள். அக்கா மெலிந்துகொண்டே போனாள். ஆனால் வலி மறுபடி அவளைப் பிடிக்கவில்லை. பேச்சு குறைந்த பிறகும் அத்தான் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக் காட்டுவார், அவள் கேட்டுக்கொண்டிருப்பாள். டிசம்பரில், ஜன்னலில் பனிமூட்டத்தைத் தவிர எதுவும் தெரியாத ஒரு காலையில் அவள் போனாள். முகத்தில் சுளிப்பில்லை. அந்த ஒன்றைத்தான் எல்லாரிடமும் அத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்.

மகள் வந்து, காரியங்கள் முடிந்து, அவளும் திரும்பிப் போன பிறகு, மிச்சமிருந்த மாத்திரைகளைத் திருப்பிக் கொடுக்க நானும் அத்தானும் அந்தச் சின்ன ஆஸ்பத்திரிக்குப் போனோம். மீந்தால் திருப்பித் தர வேண்டும் என்பது விதி. மருந்தகத்துக்கு வெளியே பெஞ்சில், மஞ்சள் சால்வை போர்த்திய ஒரு அம்மாள் சுவரில் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். கண்கள் மூடியிருந்தன, பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். கூட அவர் கணவர் போலிருக்கிறது, சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டாக்டர் கையெழுத்து வர வேண்டுமாம், டாக்டர் வார்டில் இருந்தார்.

அத்தான் அந்த அம்மாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையிலிருந்த கவரைப் பார்த்தார்.

"இத அவங்களுக்குக் குடுத்துற முடியாதா?"

முடியாது என்றேன். ஒருத்தருக்கென்று வெளியே போன மருந்து இன்னொருத்தருக்குப் போகக் கூடாது, வாங்கி வைத்து அழித்துவிடுவார்கள்.

"இதே மாத்திரதானே?"

"இதே மாத்திரதான் அத்தான்."

அவர் மருந்தக ஜன்னலில் கவரைக் கொடுத்தார். கையெழுத்துப் போடச் சொன்ன இடத்தில் போட்டார். வெளியே போகலாம் என்று நான் திரும்பியபோது அவர் வரவில்லை. அந்தக் கணவருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, தன் ஆபீஸ் இந்தியில், வார்டு எந்தப் பக்கம், டாக்டரை எப்படிக் கூப்பிட வேண்டும், உள்ளே என்னென்ன கேள்வி கேட்பார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த மனிதர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். பிறகு இருவரும் எழுந்து வார்டைப் பார்த்து நடந்தார்கள். நான் அந்த அம்மாளின் பக்கத்தில், அவர்கள் விட்டுப்போன இடத்தில் உட்கார்ந்தேன். அவர் கண்ணைத் திறக்காமலே என் கையைப் பிடித்துக்கொண்டார். பிடி மிகவும் இறுக்கமாக இருந்தது. டாக்டர் வர நேரமானது.